மடுவத்துப் பெரியம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான தோட்டத்து உறவுகளுக்கு,

பிள்ளைகள் கரப்பந்தாட்டப் (வொலிபோல்) போட்டி முடிந்து நேற்று இரவு பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். கத்திக் கத்தி எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. மைதானம் மண் மூடிப் போனது உங்களுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

மண் அள்ளிய பையன்கள், பஸ் செலவுக்குக் கைகொடுத்த பசறைக் கடைக்காரர்கள், கோயில் கமிட்டி, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் மடுவத்துப் பெரியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும்.

கரப்பந்தாட்டம் 1991 முதல் நம் இலங்கையின் தேசிய விளையாட்டு. இருந்தும் எங்கள் சரிவில் 18 மீற்றருக்கு 9 மீற்றர் சமதரை கிடைப்பதே பெரும்பாடு. இருந்ததும் போனபின், பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வெறுங்கையை வீசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா வெங்காயம் வரும் சிவப்பு வலைச் சாக்கில் பந்தைப் போட்டு, கூரை மரத்தில் கயிற்றால் தொங்கவிட்டார். "சும்மா காத்த அடிச்சிக்கிட்டு கெடக்குதுங்க, சேர்" என்றார். அவ்வளவுதான்.

ஸ்பைக் (ஓடிவந்து குதித்துப் பந்தை ஓங்கி அடிப்பது) பழகத் தொடங்கும் பிள்ளை பந்தையே பார்த்து ஓடும், காலை மறந்துவிடும், பந்துக்கு நேர்கீழே போய்க் குதிக்கும். தொங்கும் பந்து அசையாமல் நிற்பதால் காலடியைக் கவனிக்க முடிந்தது. இடது, வலது, இடது. கடைசி இரண்டும் டக்கென்று சேர வேண்டும், பின்னால் போன இரண்டு கைகளும் மேலே வீச வேண்டும். (எங்கள் இடதுகைக்காரிக்கு எல்லாம் தலைகீழ்.) உள்ளங்கை பந்தின் நடுவில் பட்டால் கயிறு நேராகப் போய் வரும். ஓரத்தில் பட்டால் பந்து கிறுகிறுவென்று சுற்றும். நான் வாய் திறக்குமுன் அடித்தவளே முகத்தைச் சுளிப்பாள். ஒவ்வொருத்தியின் உயரத்துக்கும் பெரியம்மா கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். பகலெல்லாம் மலையில் நின்ற கால்களோடு, நிறுவை முடிந்த பிறகும் ஏற்றி இறக்கிக் கொடுப்பார்.

உயர்த்திப் போடும் பந்துக்கு எப்போது ஓடத் தொடங்குவது என்ற கணிப்பை மட்டும் கயிறு கற்றுத்தராது. அது வலைக்கு முன்னால்தான் வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்து வடிகால் வெட்டுகிறோம், மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள்.

பெரியம்மா, நான் இங்கே இருக்கும்வரை புதிதாக வரும் பிள்ளை முதலில் உங்கள் கயிற்றில்தான் அடிக்கும், அப்புறம்தான் 2.24 மீற்றர் உயர வலை. சாக்குக் கிழிந்துவிட்டது, கடையில் வேறொன்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் விளையாட்டுச் சேர்