மியூனிக்கைச் சுற்றிக் காட்டும் நண்பர்களுக்கு: அந்தச் செங்கல் சுவரைப் பற்றி

மியூனிக்குக்கு வரும் தமிழர்களை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப்போகும் நண்பர்களே, வணக்கம்.

உங்களில் சிலருக்கு இது தொழில். பலர் ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்காகவும், நண்பர்களின் மாமனார் மாமியாருக்காகவும் தங்கள் சனி, ஞாயிறை விட்டுக்கொடுத்துச் செய்கிறீர்கள். மரீன்பிளாட்ஸ், பிஎம்டபிள்யூ அருங்காட்சியகம், ஒரு நாள் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை என்று நீங்கள் போடும் பட்டியலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான் இந்த மடல்: ஆல்டே பினாகோதெக் ஓவியக்கூடத்தின் தெற்குச் சுவர்.

"குண்டு விழுந்த இடம், அப்புறம் காசு இல்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காசு இல்லை என்பது உண்மை. அப்படியே விட்டுவிட்டார்கள் என்பதுதான் தப்பு. அந்தச் சுவர் ஒருவர் யோசித்து, பிடிவாதமாக நின்று கட்டியது. அவர் ஹான்ஸ் டோல்காஸ்ட் என்ற கட்டடக் கலைஞர்.

முதலில் கட்டடத்தின் கதை. பவேரிய மன்னர் முதலாம் லுட்விக்குக்காக லியோ ஃபான் கிளென்சே கட்டியது. 1826-இல் அடிக்கல், 1836-இல் திறப்பு. ரூபன்ஸ் வரைந்த ஆறு மீட்டர் உயர 'இறுதித் தீர்ப்பு' ஓவியம் தாராளமாக நிற்கும்படி உள்ளே ஒரு பெரிய மண்டபம். இரண்டாம் உலகப் போரில் ஓவியங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டார்கள், அடி வாங்கியது கட்டடம்தான். தெற்குப் பக்கத்தின் நடுவில் சுவரே இல்லாமல் போய்விட்டது. போர் முடிந்ததும் மொத்தத்தையும் இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சு பலமாக இருந்தது. சும்மா பேச்சு என்று நினைக்க வேண்டாம். பக்கத்துத் தெருவைத் தாண்டி நின்ற நோயே பினாகோதெக் என்ற இன்னொரு ஓவியக்கூடத்தை 1949-இல் இடித்தே விட்டார்கள். இன்று அந்த இடத்தில் இருப்பது 1981-இல் திறந்த வேறு கட்டடம்.

இடிக்கக் கூடாது என்று குறுக்கே நின்றவர்களில் முக்கியமானவர் டோல்காஸ்ட். 1891-இல் டான்யூப் நதிக்கரை நொய்பர்க்குக்கு அருகே பெர்க்ஹைமில் பிறந்தவர். மியூனிக்கில் கட்டடக்கலை படித்தார், கட்டடக் கலைஞர்கள் ரிச்சர்ட் ரீமர்ஷ்மிட்டிடமும் பிறகு பீட்டர் பெரென்ஸிடமும் வேலை பார்த்தார். அப்புறம் படித்த இடத்திலேயே பேராசிரியர். மாணவர்களிடம் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோட்டு வரைபடங்கள். பெரும் புகழ் தேடித்தந்த கட்டடம் என்று எதுவும் அதுவரை அவர் பெயரில் இல்லை. அவரை நாம் இன்று பேசுவதற்குக் காரணமான வேலைகள் எல்லாம் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல்தான் வந்தன. ஊர் முழுக்க இடிபாடாகக் கிடந்த காலம்.

ஆல்டே பினாகோதெக் வேலை 1952-இல் தொடங்கியது. கிளென்சே கட்டியதை அச்சு அசலாக நகலெடுக்கவும் இல்லை, ஓட்டையை நவீனமாக எதையாவது வைத்து அடைக்கவும் இல்லை. இடிந்துபோன துருக்கன்கசெர்னே என்ற படைவீரர் குடியிருப்பிலிருந்து பழைய செங்கற்களைக் கொண்டுவந்து, அதே ஜன்னல் வரிசை, அதே உயரம், அதே வளைவு என்று சுவரை மறுபடி எழுப்பினார். சிற்ப வேலைப்பாடு மட்டும் கிடையாது, பூச்சும் கிடையாது.

இதை உங்கள் விருந்தாளிகளுக்குக் காட்ட ஓரிடம் சொல்கிறேன். காபெல்ஸ்பெர்கர் தெருப் பக்கத்துப் புல்வெளியில், பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் மூலைக்கு நேராக நிறுத்துங்கள். ஒரு ஜன்னலுக்குக் கல்லில் செதுக்கிய சட்டமும் தூணும் இருக்கும். அடுத்த ஜன்னலில் அதே வடிவம் வெறும் செங்கல்லில் தொடரும். எந்த வரியும் தப்பவில்லை. கூடவே, சுவருக்கு முன்னால் ஒல்லியாக நிற்கும் இரும்புக் குழாய்களைக் காட்டுங்கள். மழைநீர்க் குழாய் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கூரை போட்டபோது அதைத் தாங்க நிறுத்திய தூண்கள் அவை. வேலை முடிந்த பிறகும் எடுக்கவில்லை.

உள்ளே போனால் படிக்கட்டு. பழைய கட்டடத்தில் கிழக்குப் பக்கம்தான் வாசல். டோல்காஸ்ட் அதை வடக்குப் பக்கத்து நடுவுக்கு மாற்றினார். தெற்கே கிளென்சேயின் நீண்ட மாடித் தாழ்வாரம் இருந்த இடத்தில், இடமும் வலமுமாக ஏறும் இரண்டு நேர்ப் படிக்கட்டுகளைப் போட்டார். மேலே ஏற ஏற, வெளியே பார்த்த அதே ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் விழும். என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்தின் ஆகச் சிறந்த இடம் அதுதான், உள்ளே மாட்டியிருக்கும் ஓவியர் ட்யூரரின் படங்களைச் சேர்த்தே சொல்கிறேன். 1957-இல் கூடம் மறுபடி திறந்தது.

எல்லோரும் கைதட்டவில்லை. கிளென்சேயின் முகப்பைக் கெடுத்துவிட்டார் என்றவர்கள் உண்டு. தாராளமாகக் காசு கிடைத்திருந்தால் இப்படித்தான் கட்டியிருப்பாரா என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் இதே ஊரில் மற்ற இடங்களில் அவர் செய்ததைப் பாருங்கள். மன்னர் லுட்விக் அடக்கமாகியிருக்கும் புனித போனிஃபாஸ் தேவாலயத்தில் முன்பகுதியை மட்டும் மீட்டு, எஞ்சிய நீளத்தை விட்டுவிட்டார். பழைய தெற்குக் கல்லறையிலும் பழைய வடக்குக் கல்லறையிலும் அதே இடிபாட்டுச் செங்கல். ஒரு முறை என்றால் பற்றாக்குறை எனலாம், இத்தனை முறை என்றால் அது கொள்கை. எல்லாமே தப்பிக்கவும் இல்லை: அரண்மனையை ஒட்டிய அனைத்துப் புனிதர் தேவாலயத்தில் அவருடைய வேலையில் ஒரு பகுதி பின்னால் வந்த சீரமைப்பில் மாறிப்போனது. போரில் சிதைந்து, பெர்லினில் 2009-இல் கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்ட் மீட்டுத் திறந்த நோயெஸ் மியூசியம் என்ற அருங்காட்சியகத்தை உலகமே பாராட்டியபோது, விவரம் தெரிந்தவர்கள் முதலில் நினைத்தது மியூனிக்கின் இந்தச் சுவரைத்தான்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை அவர் பெயரைச் சொல்லி, அந்த மூலையில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். பினாகோதெக்கன் நிறுத்தத்தில் டிராம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் உள்ளே போக ஒரு யூரோதான், பெரியவர்கள் தாராளமாக உட்கார்ந்து பார்க்கலாம். நேரம் மிச்சமிருந்தால் செண்ட்லிங்கர் டோர் போய் அங்கிருந்து நடந்து பழைய தெற்குக் கல்லறைக்கும் கூட்டிப்போங்கள். கிளென்சேயின் கல்லறை அங்கேதான். டோல்காஸ்ட் எழுப்பிய செங்கல் சுவர்களும் அதே வளாகத்தில் இருக்கின்றன, இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மியூனிக்வாசி ஒருவன்