கிரீட்டில் ஒரு வரப்புத் தகராறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் கிளம்புகிற அன்று காலையில்தான் உன் கடிதம் வந்தது. பங்காளி வரப்பை இன்னும் ஒரு முழம் தள்ளிவிட்டார் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். பிளேனில் இரண்டு தடவை படித்தேன். அதற்கு வருகிறேன், முதலில் போன கதையைக் கேள்.

மகன் லீவு போட்டு எங்களைக் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குக் கூட்டிப்போனான். செப்டம்பர் கடைசி. ஹெராக்லியோனில் இறங்கி, தீவின் கிழக்கு முனைவரை காரில் மூன்று மணி நேரம். ஒரே வளைவு. மருமகள் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டாள். சித்தியா என்ற ஊரைத் தாண்டினால் மொட்டை மலையும் முட்புதரும்தான். இங்கே ஏது தோப்பு என்று நான் முணுமுணுத்து வாயை மூடவில்லை, ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கு முழுக்க ஈச்சமரம், அது முடிகிற இடத்தில் கடல்.

அந்த இடத்தின் பெயரும் வாய்தான்! கிரேக்க மொழியில் ஓலையைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. நம் ஊரில் குருத்தோலை ஞாயிறு என்கிறார்களே, அதற்கும் அவர்களிடம் இதே சொல்தான்.

கொள்ளைக்காரர்கள் கரையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்று துப்பிய கொட்டையில் முளைத்த காடு என்று ஒரு கதை சொல்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் பொய். கடையில் வாங்குகிற பேரீச்சை வேறு, இது வேறு. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ், கிரீட்டில் ஒரே அடியிலிருந்து பல தண்டு கிளம்பும் ஈச்சை இருப்பதாக அன்றைக்கே எழுதிவைத்தார். இதைத் தனி இனம் என்று தாவரவியலில் சேர்த்தது 1967இல்தான், அவர் பெயரையே வைத்து. கீழே கிடந்த ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்தேன். நாரும் கொட்டையும்தான். சின்ன வயதில் முள் குத்திக்கொண்டு பறிப்போமே, அந்த ஈச்சங்காய் இதற்கு அமிர்தம்.

கடற்கரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குடை, சாய்வு நாற்காலி, கூட்டம். எழுபதுகளில் ஊர் ஊராய்த் திரிந்த இளைஞர்கள் இங்கே கூடாரம் போட்டுக் காட்டைப் பாழாக்கியதால் பிறகு வேலி அடைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரி காலை நனைத்துவிட்டு, தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று கரையேறிவிட்டாள்.

எனக்கு மனசு நின்றது அங்கிருந்து வடக்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி. இட்டானோஸ் என்று ஒரு பழைய துறைமுகப் பட்டணம். இப்போது அந்தப் பக்கத்து ஆட்கள் எரிமூபோலி என்கிறார்கள், ஆளற்ற ஊர் என்று அர்த்தம். இரண்டு குன்று, இடிந்த மதில், ஒரு பழைய தேவாலயத்தின் தூண்கள் படுத்துக் கிடக்கின்றன. நாங்கள் நாலு பேர், அப்புறம் காற்று.

பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் இந்த ஊரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். தேரா தீவில், அதாவது இன்றைய சாண்டோரினியில், ஏழு வருஷம் மழையே இல்லை. லிபியாவுக்குப் போய்க் குடியேறுங்கள் என்று ஏற்கெனவே குறி சொல்லியாயிற்று. ஆனால் லிபியா எந்தத் திசை என்றே அவர்களுக்குத் தெரியாது! விசாரித்துக்கொண்டு வந்தவர்கள் இட்டானோஸில் கொரோபியஸ் என்பவனைக் கண்டுபிடித்தார்கள். சாயச் சங்கு எடுக்கிறவன், ஒருமுறை காற்றில் அடித்துக்கொண்டு லிபியாவுக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில் ஒதுங்கியவன். கூலி பேசிக் கூட்டிப்போய், சில மாதத்துக்குச் சாப்பாடு வைத்து அவனை அந்தத் தீவிலேயே விட்டுவிட்டு, ஆள் திரட்டி வருகிறோம் என்று போனார்கள். சொன்ன நாளில் வரவில்லை. வழி தப்பி வந்த வேறொரு கப்பல்காரர்கள்தான் ஒரு வருஷத்துக்குச் சாப்பாடு கொடுத்து அவனைக் காப்பாற்றினார்கள். பின்னால் அந்தக் கரையில் சைரீன் என்று பெரிய நகரமே எழுந்தது. கொரோபியஸ் ஊருக்குத் திரும்பினானா என்று ஹெரோடோட்டஸ் சொல்லவில்லை. அந்தக் கல்லில் உட்கார்ந்து அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, உன் வரப்புக்கு வருகிறேன். வருகிற வழியில் டோப்லு என்று ஒரு மடம். பீரங்கி வைத்திருந்ததால் துருக்கியர் வைத்த பெயர். அங்கே தேவாலயச் சுவரில் ஒரு கல்வெட்டைப் பதித்திருக்கிறார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தீர்ப்பு. இட்டானோஸுக்கும் தெற்குக் கரையிலிருந்த ஹியராபிட்னாவுக்கும் தகராறு. ஒரு ஜீயஸ் கோயில் நிலம், அப்புறம் லியூக்கே என்ற குட்டித் தீவு, இரண்டும் யாருக்கு என்று. பெரிய சண்டையாகி, ரோம் செனட் வரை போய், கடைசியில் கடலுக்கு அந்தப் பக்கம் மக்னீசியா நகரத்தாரைப் பஞ்சாயத்துக்கு வைத்தார்கள். எல்லை எங்கே, யார் எத்தனை காலமாக அனுபவிக்கிறார்கள் என்று எல்லாம் கல்லில் இருக்கிறதாம். மகன் மொழிபெயர்ப்பைப் போனில் தேடி எடுத்துப் படித்துக் காட்டினான். எனக்கு உன் கடிதம் வாசிக்கிற மாதிரியே இருந்தது.

ஜெயித்தது இட்டானோஸ். தோற்ற ஊர் இன்றும் ஐராபெத்ரா என்ற பெயரில் கடையும் சந்தையுமாக இருக்கிறது. மறுநாள் மதியம் அங்கேதான் மீன் சாப்பிட்டோம்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அடுத்த வாய்தா என்றைக்கு? எழுது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை