ஓட்டையை அளந்துவிட்டு லைட் வாங்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கலாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும் இங்கே வீடே சந்தோஷப்பட்டது. மாப்பிள்ளை ஓசூரில் வேலை என்றால், அவள் எங்களைப் பார்த்துப் போகவும் வழி இருக்கும். எனக்கு முட்டிவலி பரவாயில்லை. காலையில் நடக்கிறேன்.

சரி, ஹால் லைட் விஷயம். புதிய எல்இடி பேனல் ஃபால்ஸ் சீலிங்கில் இருக்கும் பழைய ஓட்டை வழியாக விழுந்துவிடுகிறது, சீலிங்கையே பிரித்து மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அவசரப்பட்டுப் பிரிக்க விடாதே.

முதலில் பழைய டவுன்லைட்டின், அதாவது ஓட்டைக்குள் பதிந்திருக்கும் லைட்டின், உள்ளே பார். சாதாரண பல்பு மாட்டும் ஹோல்டர் இருந்தால், சிஎஃப்எல்லைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்இடி பல்பு போட்டால் வேலை முடிந்தது. கண்ணாடி மூடியிருந்தால் மட்டும் யோசி. சூடு வெளியேறாமல் பல்பின் ஆயுள் குறையும். பின் குத்தும் வகை சிஎஃப்எல் என்றால் மேலே சோக் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, புதிய லைட்டின் டிரைவருக்கு (எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) நேரடியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும்.

லைட்டையே மாற்றுவதானால் வாட்ஸைப் பார்த்து வாங்காதே, ஓட்டையைப் பார்த்து வாங்கு. பெட்டியில் இரண்டு அளவு போட்டிருப்பார்கள்: வெளி விட்டம் ஒன்று, வெட்ட வேண்டிய ஓட்டையின் அளவு இன்னொன்று. உனக்கு வேண்டியது இரண்டாவது. அதே வாட்ஸில்கூட கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். கையால் வெட்டிய ஓட்டைகள் ஒன்றுபோல் இருக்காது, அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமாக அளந்து மில்லிமீட்டரில் எழுதி வை.

உன்னுடையது ஏழு அங்குலம், அதாவது ஏறத்தாழ 178 மி.மீ. ஆறு அங்குல ஓட்டைக்கான பேனல் அதில் நிற்காது. நான் உன் இடத்தில் இருந்தால், பின்புறக் கிளிப்பை நகர்த்திக்கொள்ளும் வகையைத்தான் தேடுவேன். கிளிப்பை ஓட்டைக்கு ஏற்பத் தள்ளி வைத்து மாட்டலாம், அகலமான தட்டு விளிம்பை மூடிவிடும். வெளி விட்டம் ஓட்டையைவிட ஓரங்குலமாவது அதிகமாக இருக்கட்டும்.

ஓட்டைக்குள் போகாமல் சீலிங்கின் அடியில் ஒட்டி நிற்கும் சர்ஃபேஸ் லைட்டும் போடலாம். ஆனால் ஸ்க்ரூ பிடிக்க நடுவில் எதுவும் இருக்காதே! ஓட்டைக்கு மேலே குறுக்காக ஒரு பிளைவுட் பட்டையை வைத்து, சீலிங் போர்டோடு ஸ்க்ரூ போட்டு, அதில் லைட்டைப் பிடிக்க வைக்கலாம்.

ஓட்டையைப் பெரிதாக்குவது கடைசி வழி. ஏற்கெனவே ஓட்டை இருப்பதால் வட்டமாக அறுக்கும் ஹோல் சாவின் நடு டிரில்லுக்குப் பிடிப்பு இருக்காது, அது துள்ளி போர்டைக் கிழித்துவிடும். பென்சிலால் வட்டம் போட்டு, கூர்முனை வாளால் மெல்ல அறுப்பதே நல்லது. மேலே ஓடும் தகரச் சட்டம் விளிம்புக்கு அருகில் இருக்கிறதா என்று முன்பே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல். சட்டத்தை மட்டும் வெட்டவே கூடாது, சீலிங்கைத் தாங்குவது அதுதான். எந்த வேலைக்கும் முன்னால் மெயின் போர்டில் இருக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகு கை வைக்கட்டும்.

ஓட்டையை அடைத்துச் சின்னதாக்குவதும் உண்டு. போர்டுத் துண்டு, டேப், பூச்சு, உரசல், பெயிண்ட் என்று நீளும். ஒட்டுப்போட்ட வட்டம் வெளிச்சத்தில் தெரியாமலிருக்க சீலிங் முழுவதும் பெயிண்ட் அடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு எப்படியும் அடிக்கப் போகிறாய் என்றால் அதுவும் சரிதான். லைட் வேலையைப் பெயிண்டருக்கு முன்னால் முடித்துவிடு. ஹால் முழுக்க லைட்டை ஒரே நிற வெளிச்சத்தில் வாங்கு, பெட்டியில் அது கெல்வின் என்ற அளவில் இருக்கும். 3000 கெல்வின் மஞ்சளும் 6500 வெள்ளையும் கலந்தால் கல்யாண வீட்டில் கண்ணை உறுத்தும்.

அப்புறம், அளவுகளோடு பழைய லைட்டின் உள்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. இங்கே கடையில் காட்டி, எது பொருந்தும் என்று கேட்டு எழுதுகிறேன். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே நாங்கள் வந்துவிடுவோம் என்று உன் வீட்டில் சொல்.

அன்புடன்,
சுந்தரம்