புதிர் போடுங்கள், கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தில் சுடோகு பக்கத்திலேயே ஒரு எக்செல் புதிரும் (அட்டவணைக் கணக்கைச் சூத்திரத்தாலோ நிரலாலோ தீர்ப்பது) போடலாமே, எங்கள் பாளையங்கோட்டையில் பைத்தான் என்ற நிரல்மொழி படிக்கிற பிள்ளைகளுக்கா பஞ்சம்?

பாபநாசம் பக்கத்து மழைக் கணக்கு மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளுக்கு 'ம', வறண்ட நாளுக்கு 'வ'. 'வமமமமமவ' என்பதில் தொடர்ந்து மூன்று நாள் மழை எத்தனை முறை? பைத்தானில் எண்ணிச் சொல்லும் கவுண்ட் (count) கட்டளையிடம் 'மமம' எத்தனை என்று கேட்டால் 1 என்கும், ஏனென்றால் ஒருமுறை எண்ணிய எழுத்தை அது திரும்பத் தொடாது. பைத்தானின் அட்டவணைத் தொகுப்பான பாண்டாஸில் (pandas) மழை நாளை 1, வறண்ட நாளை 0 ஆக்கி, ரோலிங் (rolling) போட்டு, ஒவ்வொரு நாளாக நகர்ந்து மும்மூன்று நாளாகக் கூட்டி, கூட்டுத்தொகை 3 வரும் இடங்களை எண்ணினால் விடையும் 3. இரண்டும் சரிதான்! மழைத்தொடர் எத்தனை என்று கேட்டால் 1, மூன்று நாள் மழை தொடங்கும் இடங்கள் எத்தனை என்றால் 3. இதைச் சொல்லாமல் புதிர் போட்டால் வீட்டில் சண்டைதான் வரும்.

அப்புறம், தமிழ்ச் சொல் கொடுக்கும்போது கவனம். 'நெல்லை' நமக்கு மூன்றெழுத்து. பைத்தானும் எக்செல்லும் கொம்பு, புள்ளியைத் தனித்தனியாக எண்ணி 6 என்று சொல்லும்.

விடையோடு நிரலையும் அச்சிடுங்கள். வெறும் எண்ணை வைத்து என்ன செய்ய?

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை