2024–25 ஆண்டறிக்கை: கல்லூரிப் பிள்ளைகளோடு நம் மன்றம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் மூத்த குடிமக்கள் மன்றத்துச் சகோதர சகோதரிகளே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் பேராசிரியர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. கண் பரிசோதனை முகாம், சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை, அழகர்கோவில் பயணம் ஆகியவையும் வழக்கம்போல நல்லபடியாக முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு புதிதாக நடந்த ஒன்றைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மதுரை எல்லீஸ் நகருக்குப் பக்கத்திலுள்ள ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் ஜூலையில் நம்மைப் பார்க்க வந்தார். அந்தத் திட்டத்தில் சேரும் மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் ஒரு பகுதியை முதியோரோடு செலவிடலாமா என்று கேட்டார். வழக்கமாக ஒருநாள் வருவார்கள், பழமும் பிஸ்கட்டும் தருவார்கள், பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது வேண்டாம், சனிக்கிழமைதோறும் மாலையில் வரட்டும், ஒரே பிள்ளை ஒரே உறுப்பினரிடம் வரட்டும் என்று செயற்குழு சொன்னது. அவரும் சம்மதித்தார். இந்த ஆண்டு நாம் எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் சனிக்கிழமை மன்றக் கூடத்தில், முதுமையின் சிரமத்தைப் பிள்ளைகளுக்கு உணர்த்த ஒரு பயிற்சி நடந்தது. பிள்ளைகளின் காதில் பஞ்சு, ஷூவுக்குள் கொண்டைக்கடலை, விரல்களில் பிளாஸ்திரி, கண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய பழைய கண்ணாடி. அந்தக் கோலத்தில் மாத்திரை அட்டையைப் பிரித்து, ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து, காலை இரவு என்று டப்பாவில் போட வேண்டும். கபடி விளையாடும் நல்ல திடகாத்திரமான பையன் ஒருவனுக்கு அந்தச் சின்ன மாத்திரையை வெளியே எடுப்பதற்குள் வியர்த்துவிட்டது. எடுத்ததும் கை நழுவி பெஞ்சுக்கு அடியில் ஓடிவிட்டது. குனிந்து தேடியவன் நிமிர்ந்து, "எங்க அப்பத்தா மாத்திரை போடலைன்னு தினமும் சத்தம் போடுவேன் சார். இனிமே நானே பிரிச்சு வெச்சிடுறேன்" என்றான். எந்தச் சொற்பொழிவும் இதைச் சாதித்திருக்காது.

காது விஷயமும் அப்படித்தான். வந்த புதிதில் எல்லாப் பிள்ளைகளும் நம்மிடம் கத்தித்தான் பேசினார்கள். வயதானால் முதலில் குறைவது உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். குரல் கேட்கும், ஆனால் ச, த, க போன்ற எழுத்துகள் பிடிபடாது. கத்தினால் இரைச்சல்தான் கூடும். எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில் நிதானமாகப் பேசினால் போதும் என்று நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற மருத்துவர் விளக்கினார். அதற்கு அடுத்த வாரமே கூடத்தில் சத்தம் பாதியாகக் குறைந்தது!

நவம்பரில் ஓய்வூதியர்களுக்கான ஆயுள் சான்றிதழ் வேலை வந்தது. செல்போனில் முகத்தைக் காட்டியே அதை இப்போது முடித்துவிடலாம். பிள்ளைகள் போனை வாங்கி, கண்மூடித் திறப்பதற்குள் செய்து கொடுத்துவிட்டார்கள். நம் உறுப்பினர் ஒருவர் மட்டும் போனைத் தரவில்லை. "நான் தட்டுறேன் தம்பி, நீ பக்கத்துல இருந்து பார்த்துக்க" என்றார். நேரம் ஆனது, ஆனால் இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அதுவே முறையாகிவிட்டது. ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும் அதோடு சேர்த்துக் கற்றோம்.

பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போனதும் அதிகம். சிறுவயது முதல் சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட அம்மா ஒருவர் நம்மிடையே இருக்கிறார். டம்ளர் பிடித்தால் அவருக்குக் கை நடுங்கும். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி நூலைச் சுற்றும்போது அந்த நடுக்கத்தைக் காணோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பி.காம். மாணவி ஒரு மாலை முழுக்க முயன்று, ஒரே அளவில் சில புள்ளிகளைத்தான் கட்டினாள். ஒரு சேலைக்கு எத்தனை ஆயிரம் முடிச்சு, அதற்கு அன்றைக்கு என்ன கூலி என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

ரிட்டயர் ஆன பிறகு என்ன செய்ய முடியும் என்று ஒரு மாணவர் கேட்டார். நம் தலைவர் நம்ம ஊர்க்காரரையே காட்டினார். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகுதான், 1976-இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கூடவே வந்திருந்த பேராசிரியர், யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்களாம். அந்தப் பார்வை இருபது வயதில் அமைந்தால் எவ்வளவு நல்லது!

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) பற்றி வழக்கறிஞர் ஒருவர் பேசினார். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தே ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நம்மில் பலருக்கும் புதுச் செய்தி. மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

பிப்ரவரியில் நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். சனிக்கிழமைகளில் அவரிடம் வந்துகொண்டிருந்த மாணவி பதினாறாம் நாள் காரியத்துக்குத் தனியாக வந்திருந்தாள். யாரென்று வீட்டார் கேட்க, மறைந்த அந்த அம்மா சொன்ன பழைய கதைகளை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொந்த மகனுக்கே அவற்றில் பாதி தெரியாது. அந்தக் குடும்பத்துக்கும் அந்த மாணவிக்கும் மன்றத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்.

ஒரு குறையும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் செமஸ்டர் தேர்வு, விடுமுறை என்று பிள்ளைகள் வரவில்லை. சனிக்கிழமை மாலை வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவர்களை நான் அறிவேன். அதனால் வரும் ஆண்டில் ஓர் உறுப்பினருக்கு முதலாண்டு மாணவர் ஒருவர், இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் என்று இருவரை அமர்த்தவும், அவர்களில் ஒருவராவது உள்ளூர்ப் பிள்ளையாக இருக்கவும் கல்லூரியைக் கேட்டிருக்கிறோம். அப்புறம், கூடத்துக்கு வர முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். அப்படிப்பட்டவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், உறுப்பினராக இல்லாவிட்டாலும் சரி, பெயரை இன்றே என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

இங்ஙனம்,
செயலாளர்