கையெழுத்துப் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த மது மறுவாழ்வு மையக் கட்டுரையில், ‘குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் போதும், 90 நாளில் திருத்தி அனுப்பிவிடுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்தி அனுப்ப அவர் என்ன அச்சுப்படியா?

குடிநோயும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வரும் என்பது தாங்கள் அறியாததல்ல. வர மறுப்பவரைச் சேர்க்க 89ஆம் பிரிவு இருக்கிறது. வீட்டார் கொடுக்கும் விண்ணப்பம் அதில் முதல் படி மட்டுமே. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்து, சேர்க்கத்தான் வேண்டும் என்று எழுத வேண்டும். 7 நாளுக்குள், பெண்ணானால் 3 நாளுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாள்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் என்றால் இரண்டு மனநல மருத்துவர்களும் வாரியமும் ஒப்ப வேண்டும். வேனில் நாலு பேரை அனுப்பி ஆளைத் தூக்கிவந்து, அன்றைக்கே 90 நாளுக்குப் பணம் கட்டச் சொல்வது எந்தப் பிரிவு?

சட்டம் கிடக்கட்டும். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த இரண்டு நாளில் நடுக்கம், காய்ச்சல், உடம்பில் இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டே இருக்கும் குழப்பம். இவற்றைத் தணிக்கும் குளோர்டயசெப்பாக்சைடு மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஈரல் கெட்டிருந்தால் அதே வகை மருந்தான லோராசெபாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும், விட்டால் மூளையைப் பாதிக்கும். இரவில் செவிலியர்கூட இல்லாத மையத்தில் இதையெல்லாம் பார்ப்பவர், சென்ற வருடம் அங்கேயே சிகிச்சைக்கு வந்த ‘வார்டன்’. பிதற்றினால் கட்டிப்போடுவார். சங்கிலிக்கு 95ஆம் பிரிவில் தடை. ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 2001இல், கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் செத்தும், அந்த வரி சட்டத்தில் ஏற 16 வருடம் ஆனது.

கட்டுரைக்குப் போட்ட படம் இன்னும் பிரமாதம். வரிசையாக மொட்டைத் தலை, ஒரே நிறச் சட்டை, முகமெல்லாம் பளிச்சென்று. கட்டாய மொட்டையும் சீருடையும் 20ஆம் பிரிவுப்படி கூடாது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் பத்திரிகைக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. சம்மதம் வாங்கியது யார், நிருபரா, நிர்வாகியா?

அதே பக்கத்தின் அடியில் அந்த மையத்தின் விளம்பரமும் இருந்தது, தற்செயல்தான், நம்புகிறேன். மனை விளம்பரத்துக்கு ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) எண் கேட்கிறீர்கள். மறுவாழ்வு மைய விளம்பரத்துக்கும் மாநில மனநல ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அச்சிடும்படி விளம்பரப் பிரிவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மனநலச் செவிலியர் ஒருவர், திருச்சி
(பெயர் வெளியிட வேண்டாம்)