உச்சவரம்பு எங்கே? மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மொத்தச் சந்தையின் மின்விலையை மணிக்கு மணி அப்படியே வீட்டில் வசூலிக்கும் திட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அந்த விலை தாறுமாறாக ஏறிய மூன்று நாட்களைப் பற்றி எழுதுகிறேன். எந்த மூன்று நாட்கள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்களின் விலைப் பட்டியல் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தது பில். நாங்கள் கொடுத்த புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் இரண்டே வரி: இது நுகர்வோர் தாமே தேர்ந்தெடுத்த திட்டம், ஒப்பந்த மீறல் எதுவும் இல்லை. இரண்டும் உண்மைதான். அதனால்தான் நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்காமல் உங்களுக்கு எழுதுகிறேன். விதியை மீறாமலே ஒரு வீட்டை இப்படிச் செய்ய முடிகிறது என்றால், கோளாறு விதியில் இருக்கிறது.

என் அப்பாவுக்கு நுரையீரல் நோய். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். அது ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டாம் நாள் மாலை ஆறரை மணிக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மின்கணக்கில் இருப்பு குறைந்ததால் கார்டிலிருந்து பணம் எடுத்திருக்கிறார்கள். சரி, மாதம் இரண்டு முறை வருவதுதான் என்று விட்டுவிட்டேன். ஏழேகாலுக்கு இன்னொன்று. எட்டு அடிப்பதற்குள் மூன்றாவது. அப்புறம்தான் செயலியைத் திறந்தேன். அந்த நேரத்து விலை வழக்கத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் போயிருந்தது.

வாட்டர் ஹீட்டரை அணைத்தோம். ஃபிரிட்ஜை அணைத்தோம். விளக்குகளையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தோம். அந்தக் கருவியின் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கிசுகிசுத்தது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது போல. மூக்குக் குழாயை விரலால் தள்ளிவிட்டு, "கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்க்கலாமாடா?" என்று கேட்டார்.

விலை ஏறும்போது மக்கள் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள், அதுதான் இந்தத் திட்டத்தின் அழகு என்று உங்கள் கையேடு சொல்கிறது. அன்று எங்கள் வீட்டில் குறைக்க மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

திட்டம் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மொத்தச் சந்தையில் ஒவ்வொரு மணிக்கும் (சில நாடுகளில் 15 நிமிடத்துக்கு, ஆஸ்திரேலியாவில் 5 நிமிடத்துக்கு) ஒரு விலை உருவாகிறது. தேவையை ஈடுகட்டக் கடைசியாக அழைக்கப்படும் மின்நிலையம் என்ன கேட்கிறதோ, அதே விலைதான் எல்லா நிலையங்களுக்கும். காற்றும் வெயிலும் தாராளமாக இருக்கும் மதியத்தில் விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். எல்லோரும் வீடு திரும்பும் மாலையில் நாலு நிலையங்கள் பழுதாகி நின்றால் வானத்துக்கு ஏறும். நிலையான கட்டணம் வாங்கும் நிறுவனம் மாதக்கணக்கில் முன்கூட்டியே மின்சாரத்தை வாங்கி வைத்து அந்த ஏற்ற இறக்கத்தைத் தானே தாங்குகிறது. அதற்குத்தான் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறது. ஒரு வகையில் அது காப்பீட்டுத் தவணை. மொத்த விலைத் திட்டம் அந்தத் தவணையை நமக்கு மிச்சப்படுத்துகிறது. கூடவே காப்பீட்டையும் எடுத்துவிடுகிறது. முதலாவதை விளம்பரத்தில் போடுகிறார்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். விளம்பரத்தில் இருந்ததோ கடந்த ஆண்டின் சராசரி ஆழம்.

திட்டத்தையே தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. பத்து மாதம் எங்களுக்கும் அது லாபமாகத்தான் இருந்தது; மறைக்க மாட்டேன். வீட்டில் பேட்டரி வைத்திருப்பவருக்கும், மின்காரை நடுநிசியில் சார்ஜ் போடக்கூடியவருக்கும் இதைவிட நல்ல திட்டம் கிடையாது. நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: வீட்டு இணைப்புக்கு, எந்த மணி நேரத்திலும், யூனிட்டுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். சந்தைக்கு உச்சவரம்பு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது மின்நிலையங்களை முன்வைத்து வைத்த அளவு. வீட்டில் பில் கட்டுகிறவரை மனதில் வைத்து யாரும் அதைக் கணக்கிடவில்லை.

இதற்கு டெக்சாஸே சாட்சி. 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் நிலையங்கள் உறைந்து நின்றபோது, அந்த மாநில ஆணையம் மொத்த விலையை அன்றைய சந்தை உச்சவரம்பிலேயே நிறுத்தி வைத்தது. மெகாவாட் மணிக்கு (ஆயிரம் யூனிட்டுக்கு) 9,000 டாலர். அதாவது ஒரு யூனிட் 9 டாலர். சாதாரண வீட்டுக் கட்டணம் 12 சென்ட் அளவில் இருந்த ஊர் அது. லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமே இல்லாமல் விறைத்துக் கிடந்தன. விளக்கு எரிந்த வீடுகளில், மாதம் 9.99 டாலர் சந்தா மட்டும் வாங்கிக்கொண்டு மொத்த விலையை அப்படியே கைமாற்றிக் கொடுத்த கிரிடி நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு, சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான டாலர் பில் ஏறியது. ஒருவருக்கு 16,000 டாலரையும் தாண்டியது. தயவுசெய்து வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அந்த நிறுவனமே தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது! ஆனால் புயல் நடுவில் புது வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொள்ள எத்தனை பேர் தயாராக இருப்பார்கள்? அடுத்த மாதமே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு டெக்சாஸ் சட்டமன்றம் வீடுகளுக்கு இத்தகைய திட்டத்தை விற்பதையே தடை செய்தது. சந்தை சந்தை என்று மூச்சுக்கு மூச்சு சொல்லும் மாநிலம் அது.

பிரிட்டனில் அரை மணிக்கு ஒரு விலை வைக்கும் அஜைல் திட்டத்தில் யூனிட்டுக்கு 100 பென்ஸ் என்ற வரம்பு இருக்கிறது. அதுவும் அதிகம்தான். ஆனாலும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று இறங்குகிறவருக்குத் தெரியும்.

இன்னொன்று. 2023 நவம்பரில் பின்லாந்தில் ஒரு நிறுவனம் மின்சந்தை ஏலத்தில் தவறான அளவைக் குறிப்பிட்டுவிட்டதால், மறுநாள் பல மணி நேரம் விலை மெகாவாட் மணிக்கு மைனஸ் 500 யூரோவில் நின்றது. அன்று கீழே போனதால் எல்லோரும் சிரித்தார்கள். அதே தவறு மேல்நோக்கி நடந்திருந்தால் அதற்கும் 'சந்தை விலை' என்றுதான் பெயர் வைத்திருப்போம்.

எங்கே பார்த்தாலும் இதே கதையாகிவிட்டது. வங்கிக் கடனா, வட்டி மாறும். காப்பீடா, நிபந்தனைக்கு உட்பட்டது. முன்பெல்லாம் பெரிய நிறுவனங்கள் ஆபத்தைத் தாங்குவதற்காகத்தான் லாபம் பார்த்தன. இப்போது லாபம் அங்கேயே இருக்கிறது, ஆபத்து மட்டும் செயலி வழியாக நம் கைக்கு வந்துவிடுகிறது. அதற்கு 'நுகர்வோர் அதிகாரம்' என்று பெயர் வேறு. எங்களுக்குக் கொடுத்த அதிகாரத்தை வைத்து நாங்கள் செய்தது, இருட்டில் உட்கார்ந்ததுதான். அடுத்த முறை விலை ஏறும்போது அப்பாவைக் கொஞ்சம் மெதுவாக மூச்சு விடச் சொல்லிப் பார்க்கிறோம்.

மன்னிக்கவும், கோபம் முந்திக்கொண்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்டுவிடுகிறேன்.

வீட்டு இணைப்புகளுக்கு யூனிட்டுக்கு ஓர் உச்சவரம்பு. தொகை என்ன என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், சராசரி விலையை அச்சிடும் அதே எழுத்தளவில் அது இருக்கட்டும். உயிர்காக்கும் கருவி ஓடும் வீடு என்று பதிவு செய்துகொண்டவர்களுக்கு இந்தத் திட்டத்தை விற்பதற்கு முன் ஒரு மனிதராவது தொலைபேசியில் பேசட்டும். ஒரே நாளில் கார்டிலிருந்து எத்தனை முறை பணம் எடுக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும். இவற்றில் ஒன்றுதான் முடியும் என்றால் உச்சவரம்பைச் செய்யுங்கள்.

அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச எனக்கு அனுமதி கொடுத்தால் நேரில் வருகிறேன். பில்லையும் வங்கிக் குறுஞ்செய்திகளையும் கொண்டுவருகிறேன். இந்த முறை பதில் இரண்டு வரிக்கு மேல் இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் அனுமதி பெற்ற திட்டமொன்றின் முன்னாள் வாடிக்கையாளன்

பி.கு.: 'விலை உயர்ந்துள்ளது, பயன்பாட்டைக் குறைக்கவும்' என்ற நிறுவனத்தின் எச்சரிக்கை எங்களுக்கு வந்துசேர்ந்தது. மறுநாள் காலை 7.10க்கு.